நேற்று வந்தவரும் நெடுநாள் இருந்தவரும்



ஆண்டு மலரில் தலைமையாசிரியர் எழுதும் பக்கம் தேர்ச்சி விகிதத்தையும் விளையாட்டுப் போட்டி வெற்றிகளையும் பற்றியதாக அமைவதே வழக்கம். அவ்விவரங்கள் இம்மலரின் பிற பக்கங்களில் இடம்பெற்றுள்ளன. இவ்வாண்டு நம் மனத்தை உறுத்திக்கொண்டிருக்கும் ஒன்றைப் பற்றி எழுதுவதே கடமையெனக் கருதுகிறோம்.

பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் பொதுக் கூட்டத்தில் நடந்ததை அங்கிருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அண்டைத் தோட்டம் ஒன்றின் லயங்கள் காலியானபின் இவ்வட்டாரத்திற்குக் குடிபெயர்ந்து வந்த தந்தையார் ஒருவர், தம் மகளை நம் பள்ளியில் இரண்டாம் ஆண்டில் சேர்த்திருந்தார். அவருக்கு அதுவே முதற்கூட்டம். செயலாளர் அறிக்கை வாசித்துக்கொண்டிருக்கும்போதே அவர் எழுந்து, பள்ளிப் பேருந்துக் கட்டணம் எவ்வாறு கணக்கிடப்படுகிறது என்று வினவினார். கேள்விகளை இறுதியில்தான் கேட்க வேண்டும் என்பது நம் சங்கத்தின் வழக்கம். ஆயின் அவ்வழக்கம் எங்கும் எழுதி வைக்கப்படவில்லை. எவரும் அவருக்கு எடுத்துச் சொல்லவுமில்லை. பின்வரிசையிலிருந்து ஒரு குரல் எழுந்தது: "நேற்று வந்தவருக்கு இங்கே என்ன பேச்சு?" சிலர் சிரித்தனர். அவர் அமர்ந்தார், சற்று நேரத்தில் எழுந்து வெளியே சென்றார். அடுத்த கூட்டத்திற்கு அவர் வரவில்லை. மகளை வேறு பள்ளிக்கு மாற்ற என்ன செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொண்டு ஒரு நாள் அலுவலகத்திற்கு வந்தார்.

மாணவர் எண்ணிக்கை ஆண்டுதோறும் குறைந்துவரும் தோட்டப் பள்ளிக்கு ஒரு குழந்தையை இழப்பது சிறிய இழப்பன்று. அதனினும் பெரிய இழப்பு, நியாயமான கேள்வியொன்று விடையின்றி வெளியேறியது. அன்று தலைமை மேசையில் அமர்ந்திருந்தவர் நாமே. ஒரு சொல் சொல்லித் தடுத்திருக்கலாம், சொல்லவில்லை. ஆகவே முதற்குற்றம் எம்முடையது.

நிற்க. பலர் கூடிப் பேசும் இடத்தில் பழையவரும் புதியவரும் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்னும் கேள்வி நமக்கு மட்டும் உரியதன்று. 1924-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட ஜொகூர்ப் பாலத்தைக் கடந்து, நம் பெற்றோருள் பலர் வைகறையிலேயே மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூருக்கு வேலைக்குச் செல்கின்றனர். அவர்கள் நாள்தோறும் காணும் அந்நகரம் இக்கேள்வியைப் பலமுறை சந்தித்துள்ளது. அதன் அனுபவம் நமக்குப் பாடமாகத்தக்கது.

முதலில், அங்கே நேற்று வந்தவர் யார்? 1819-இல் ராஃபிள்ஸுடன் பினாங்கிலிருந்து வந்திறங்கிய நாராயண பிள்ளை அன்று புதியவரே. 1827-இல் மாரியம்மன் கோயில் அமைய அவரே முன்னின்றார். இன்று லிட்டில் இந்தியா என வழங்கும் சிராங்கூன் சாலை வட்டாரம் ஒரு காலத்தில் கால்நடை வணிகர்களின் இடம். எருமைத் தொழுவம் என்னும் பொருள்படும் 'கண்டாங் கெர்பாவ்' என்ற மலாய்ப் பெயர் அதற்குச் சான்று. திருவாரூரில் பிறந்த கோ. சாரங்கபாணி 1924-இல், தமது இருபத்தோராம் வயதில், சிங்கப்பூருக்கு வந்தார். பதினோரே ஆண்டுகளில், 1935-இல், 'தமிழ் முரசு' இதழைத் தொடங்கினார். வந்த புதிதில் அவர் வாய் திறந்தபோது, "நேற்று வந்தவருக்கு என்ன பேச்சு?" என்று சிங்கப்பூர்த் தமிழர் அவரை அடக்கியிருந்தால் இழப்பு யாருக்கு? அவரும் தாம் பெற்ற இடத்தைத் தமக்கென்றே பூட்டி வைத்துக்கொள்ளவில்லை. 1950களில் 'மாணவர் மணிமன்றம்' என்னும் பகுதியைத் தம் இதழில் திறந்து, எழுதிப் பழகாத இளையோர்க்கு இடங்கொடுத்தார். பிற்காலத்தில் பெயர்பெற்ற எழுத்தாளர் சிலர் அங்கே எழுதிப் பழகியவர்களே.

இரண்டாவதாக, எழுதப்படாத விதிகளைப் பற்றிச் சிறிது சிந்திப்போம். தேக்கா நிலையத்தின் உணவங்காடிக்கு நண்பகலில் சென்றவர்கள் அறிவார்கள். ஆளில்லாத மேசையின்மீது ஒரு டிஷ்யூத் தாள் பொட்டலம் கிடக்கும். அந்த இடத்தை ஒருவர் பிடித்து வைத்துவிட்டு உணவு வாங்கச் சென்றிருக்கிறார் என்பது அதன் பொருள். 'சோப்' செய்தல் என்று அவ்வூரார் இதனைக் கூறுவர். இது எந்தப் பலகையிலும் எழுதப்படவில்லை. நேற்று விமானத்திலிருந்து இறங்கியவர் பொட்டலத்தை ஒதுக்கி வைத்துவிட்டு உட்காருகிறார். திரும்பி வந்தவர் முகம் சிவக்கிறார். இவர் மரியாதை தெரியாதவர் என்று அவர் நினைக்கிறார். அவர் நாற்காலிக்குச் சண்டையிடுபவர் என்று இவர் நினைக்கிறார். இருவரும் தவறு செய்யவில்லை. ஒருவருக்கு விதி தெரியாது. மற்றவருக்கு, விதி தெரியாதவரும் உலகில் உண்டு என்பது தெரியாது.

அதே உணவங்காடியில் மற்றொரு விதியும் உண்டு. உண்டபின் தட்டுகளை உரிய இடத்தில் சேர்க்க வேண்டும். இதனை நடைமுறைப்படுத்த எண்ணிய தேசிய சுற்றுப்புற வாரியம் எடுத்த எடுப்பிலேயே அபராதம் விதிக்கவில்லை. 2021-ஆம் ஆண்டு ஜூன் முதல் ஆகஸ்டு இறுதி வரை மூன்று மாதங்கள் அறிவுரை மட்டுமே கூறியது. செப்டம்பர் முதல் நாளிலிருந்து நடவடிக்கை தொடங்கியது. அப்பொழுதும் முதன்முறை தவறியவருக்கு எச்சரிக்கையே. மீண்டும் தவறியவருக்கே அபராதம். முதலில் சொல்லுதல், பின்னர் எச்சரித்தல், அதன் பின்னரே தண்டித்தல் என்னும் இவ்வரிசையை ஒவ்வொரு சங்கமும் மனத்திற் கொள்ள வேண்டும். நாமோ நம் கூட்டத்தில் முதல் இரண்டையும் விட்டுவிட்டு மூன்றாவதிலிருந்து தொடங்கினோம்.

மூன்றாவது நிகழ்ச்சி நம் தாய்மார்கள் அனைவரும் அறியத்தக்கது. அடுக்குமாடி வீடொன்றில் இந்தியக் குடும்பமொன்று வாழ்ந்துவந்தது. சீனாவிலிருந்து புதிதாக வந்த குடும்பமொன்று அதன் அண்டையில் குடியேறியது. குழம்பு கொதிக்கும் மணத்தைப் புதியவர்களால் பொறுக்க இயலவில்லை. இந்தியக் குடும்பத்தார் கதவையும் சன்னலையும் மூடிச் சமைத்துப் பார்த்தும் பயனில்லை. வழக்கு சமூக சமரச நிலையத்திற்குச் சென்றது. அங்கே இரு குடும்பத்தாரும் எதிரெதிரே அமர்ந்து பேசினர். அண்டை வீட்டார் இல்லாத வேளையில் மட்டும் குழம்பு வைப்பதென இந்தியக் குடும்பம் ஒப்புக்கொண்டது. அக்குழம்பை ஒருமுறை சுவைத்துப் பார்ப்பதெனச் சீனக் குடும்பம் ஒப்புக்கொண்டது.

சில ஆண்டுகள் கழித்து, 2011 ஆகஸ்டில், இச்செய்தி நாளிதழில் வெளிவந்ததும் நாடே கொதித்தது. ஆகஸ்டு 21, ஞாயிற்றுக்கிழமை, எல்லா இனத்தாரும் தத்தம் வீடுகளில் குழம்பு வைக்க வேண்டும் என்று அழைப்பு விடுக்கப்பட்டது. பல்லாயிரவர் இசைந்தனர். சீனர், மலாய்க்காரர், இந்தியர் என்ற வேறுபாடின்றி அன்று பல வீடுகளில் குழம்பு மணந்தது.

இதில் எமது கருத்தை ஒளிவின்றிக் கூறிவிடுகிறோம். அந்த உடன்பாட்டில் பாரம் இந்தியக் குடும்பத்தின்மீதே மிகுதியாக விழுந்தது என்பதில் எமக்கு ஐயமில்லை. நம் வீட்டு அடுப்புக்கு அயலார் நேரம் குறிப்பதென்றால் நமக்கும் சினம் வரும். அன்று பலர் குழம்பைப் பகிர்ந்துண்டு ஒற்றுமை காட்டியதும் பாராட்டுக்குரியதே. ஆயினும் அச்சினத்தோடு சேர்ந்து, குடிவந்தோர் அனைவரையும் இழித்துரைக்கும் சொற்களும் அன்று புறப்பட்டன. ஒரு வீட்டுக்காரரின் குறை, வந்தவர் எல்லாருடைய குறையாகப் பேசப்பட்டது. சண்டைக்குரிய இரு குடும்பங்களும் மேசையில் அமர்ந்து தீர்த்துக்கொண்டுவிட்டன. ஆனால் அவர்களை முகம் கண்டிராத அயலார் அதனைத் தம் சண்டையாக்கிக் கொண்டனர். நம் கூட்டத்தில் சிரித்தவர்களும் அப்படிப்பட்டவர்களே. கேள்வி செயலாளருக்கு உரியது. அவர் சினக்கவில்லை, அவருக்காகச் சினந்தவர்கள் பின்வரிசையினர்.

லிட்டில் இந்தியாவில் 2013 டிசம்பர் 8 அன்று நடந்ததையும் கூறாமலிருக்க இயலாது. ரேஸ் கோர்ஸ் சாலையில் தமிழ்நாட்டுத் தொழிலாளி ஒருவர் தனியார் பேருந்தின் அடியில் சிக்கி உயிரிழந்தார். கூடியிருந்தோர் கொந்தளித்தனர், வாகனங்கள் எரிந்தன. விபத்தையும் மீட்பாளர் செயலையும் கூட்டம் தவறாகப் புரிந்துகொண்டது ஒரு காரணமென்றும், மது மற்றொரு காரணமென்றும் பின்னர் அமைந்த விசாரணைக் குழு கண்டது. வன்செயலை நாம் சிறிதும் ஆதரிக்கவில்லை. எனினும், வாரம் முழுவதும் உழைத்து, ஞாயிறு ஒரு நாள் ஊருக்குப் பணம் அனுப்பவும் நண்பரைக் காணவும் சிராங்கூன் சாலைக்கு வரும் எண்ணற்ற தொழிலாளரை அந்த ஓர் இரவைக் கொண்டு எடைபோடுவது நியாயமாகுமா? நம் பாட்டன்மாரும் கப்பலேறி வந்த தொழிலாளரே. இன்று நம் தோட்டங்களில் செம்பனைக் குலை வெட்டும் வங்காளதேசத்தாரையும் இந்தோனேசியரையும் நாம் எவ்வாறு அழைக்கிறோம் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

இவ்வாறு கூறுவதால் புதியவருக்குக் கடமை இல்லையென்று பொருளன்று. புதிய அவைக்குச் செல்பவர் முதலில் சற்று அமர்ந்து கேட்க வேண்டும். அங்குள்ள முறை யாதென ஒருவரிடம் வினவ வேண்டும். "எங்கள் தோட்டத்தில் இப்படிச் செய்யமாட்டோம்" என்று முதல் நாளே தொடங்குவது நன்றன்று. திருவள்ளுவர் 72-ஆம் அதிகாரத்தை அவையறிதல் என்றும், அதனையடுத்த 73-ஆம் அதிகாரத்தை அவையஞ்சாமை என்றும் வைத்தார். அவையின் இயல்பை அறிவதும், அறிந்தபின் அஞ்சாது பேசுவதும் புதியவருக்கு வேண்டியவை. பழையவருக்கு வேண்டியது அவற்றுக்கெல்லாம் முன்னரே, 9-ஆம் அதிகாரத்தில், விருந்தோம்பல் என்னும் பெயரில் உள்ளது. வீட்டிற்கு வந்தவருக்குத் தண்ணீர் கொடுக்கும் நாம், அவைக்கு வந்தவருக்கு அவையின் முறையைச் சொல்லிக் கொடுக்க ஏன் மறந்தோம்?

ஆகவே வரும் ஆண்டுக்குச் சிலவற்றை முன்மொழிகிறோம். கூட்டம் தொடங்குமுன் அதன் ஒழுங்குமுறையை ஐந்து நிமிடத்தில் வாசிக்க வேண்டும். புதிய பெற்றோர் ஒவ்வொருவருக்கும் அருகே பழைய உறுப்பினர் ஒருவர் அமர வேண்டும். முறை தவறிக் கேட்கப்பட்டாலும் கேள்வியைக் குறித்து வைத்து, இறுதியில் விடையளிக்க வேண்டும். தவறைச் சுட்டுபவர் தனியே, மெல்லச் சுட்ட வேண்டும். யாரையும் நோக்கி "நேற்று வந்தவர்" என்னும் சொல் நம் மண்டபத்தில் ஒலிக்கலாகாது.

மாணவச் செல்வங்களே! உங்கள் வகுப்பிற்குப் புதிதாக ஒரு பிள்ளை வந்தால், எந்தக் குழாயில் குடிநீர் வரும், எந்த மணிக்கு வரிசையில் நிற்க வேண்டும் என்று நீங்களே முதலில் சொல்லிக் கொடுங்கள். அப்பிள்ளை தெரியாமல் வரிசை மாறி நின்றால் சிரிக்காதீர்கள். கைப்பிடித்து அழைத்து வந்து நிறுத்துங்கள்.

அத்தந்தையாரின் இல்லத்திற்குச் சென்ற மாதம் நாம் நேரில் சென்றோம். பேருந்துக் கட்டணக் கணக்கை அவர் முன் வைத்து விளக்கினோம். அன்று வாய்மூடி இருந்ததற்கு வருத்தமும் தெரிவித்தோம். அவர் தேநீர் தந்தார். மகளை மாற்றுவது பற்றி முடிவாக எதுவும் கூறவில்லை. அடுத்த கூட்டத்திற்கு வருவீர்களா என்று கேட்டோம். "பார்க்கலாம் ஐயா" என்றார். அவர் வந்தால் முன்வரிசையில் அவருக்கு ஓர் இடம் இருக்கும். அந்த இடத்தை நிரப்புவது அவர் கையில் மட்டுமில்லை, பெற்றோர்களே. நம் அனைவர் கையிலும் உள்ளது.