நண்பனிடம் சொல்லாமல் போனது

1946 மார்ச்சில் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில், புனித பிலிப் தேவாலயத்துக்குச் சொந்தமான ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில் மனநல மருத்துவமனை ஒன்று தொடங்கியது. வாரத்தில் இரண்டு மாலைகள் மட்டும் திறந்திருக்கும். கட்டணம் 25 சென்ட். அதற்கும் வழியில்லாதவர்கள் சும்மா வரலாம். அங்கே வேலை பார்த்த மருத்துவர்கள் ஊதியம் வாங்கவில்லை. ஃபிரெட்ரிக் வெர்தம் என்ற, ஜெர்மனியில் பிறந்த மனநல மருத்துவர் தலைமையேற்ற இந்த லஃபார்க் மருத்துவமனையை உருவாக்க முன்னின்றவர்களில் ஒருவர், ‘நேட்டிவ் சன்’ நாவலை எழுதிய ரிச்சர்ட் ரைட். மனம் நொந்த கறுப்பினத்தவருக்கு நகரத்தில் போக்கிடம் அநேகமாக இல்லாத காலம் அது. மருத்துவமனை 1950களின் இறுதிவரை தாக்குப்பிடித்து, பிறகு மூடப்பட்டது.

அதே 1946இன் குளிர்காலத்தில் யூஜீன் வொர்த் என்ற 24 வயதுக் கறுப்பின இளைஞர் அதே நகரத்தில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். சோஷலிச இளைஞர் அமைப்பில் இருந்தவர். அவருடைய நெருங்கிய நண்பர், பின்னாளில் எழுத்தாளரான ஜேம்ஸ் பால்ட்வினுக்கு அப்போது 22 வயது. உன்மீது எனக்கு இருப்பது காதலோ என்றுகூட யோசித்திருக்கிறேன் என்று வொர்த் ஒருமுறை அவரிடம் சொல்லியிருக்கிறார். பால்ட்வின் அந்தப் பேச்சை மேலே கொண்டுபோகவில்லை. அப்படிக் கொண்டுபோயிருக்க வேண்டுமோ என்ற கேள்வி கடைசிவரை அவரை விடவில்லை. இரண்டு ஆண்டுகளில், கையில் நாற்பது டாலரோடு அவர் பாரிஸுக்குக் கிளம்பிவிட்டார். தான் ஏன் நாட்டை விட்டுப் போனேன் என்று பிற்காலத்தில் சொல்லும்போதும் இந்த மரணத்தைக் குறிப்பிட்டார். 1962இல் வந்த அவருடைய ‘அனதர் கன்ட்ரி’ நாவலின் ரூஃபஸ் ஸ்காட், வொர்த்தின் நினைவிலிருந்து பிறந்த பாத்திரம். நாவலின் முதல் பகுதியிலேயே ரூஃபஸ் இறந்துவிடுகிறான். மீதி நாவல் முழுக்க அவனுடைய நண்பர்களின் பாடு.

அமெரிக்கக் கறுப்பின ஆண்களின் மனநலம் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் மருத்துவமனையிலிருந்தே தொடங்குகிறார்கள்: அவர்கள் ஏன் சிகிச்சைக்கு வருவதில்லை, ஏன் வாய்திறப்பதில்லை, ஆண்மை பற்றிய என்ன வீம்பு தடுக்கிறது. கேள்வியே கோணலானது. அவர்கள் காலங்காலமாகப் பேசித்தான் வந்திருக்கிறார்கள், நம்பகமானவர்களிடம். அந்த நம்பகமானவர்கள் வெள்ளை அங்கி போட்டிருக்கவில்லை என்பதுதான் விஷயம்.

போட்டிருந்தவர்கள் செய்ததையும் பார்க்க வேண்டும். 1851இல் சாமுவேல் கார்ட்ரைட் என்ற லூசியானா மருத்துவர், அடிமைகள் தப்பியோடுவதை ஒரு மனநோய் என்று அறிவித்து அதற்கு ‘டிராபெட்டோமேனியா’ என்று பெயரும் சூட்டினார். விடுதலையை விரும்புவது வியாதி. 1932இலிருந்து 1972வரை, அலபாமாவின் டஸ்கேகீயில் அரசுப் பொதுச் சுகாதாரத் துறை, சிஃபிலிஸ் நோய் இருந்த 399 கறுப்பின ஆண்களுக்குச் சிகிச்சை தராமல், நோய் எப்படி முற்றுகிறது என்று வேடிக்கை பார்த்தது. பென்சிலின் கைக்கு வந்த பிறகும் தரவில்லை.

இவ்வளவு பரவலாகத் தெரியாதது மிச்சிகன் மாநிலத்தின் அயோனியா அரசு மனநல மருத்துவமனையின் கதை. அதன் பழைய கோப்புகளை உட்கார்ந்து படித்த ஜொனாதன் மெட்ஸல் என்ற மனநல மருத்துவர், 1960களுக்கு முன்பு ஸ்கிசோஃப்ரினியா என்ற முத்திரை அங்கே வெள்ளையினப் பெண்கள் பலர்மீது விழுந்திருந்ததையும், கறுப்பினத்தவரின் சம உரிமைப் போராட்டக் காலத்தில் அதே முத்திரை டெட்ராய்ட்டின் கறுப்பின ஆண்கள்மீது விழத் தொடங்கியதையும் எடுத்துக்காட்டினார். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்க் கையேடு, 1968இல் வந்த இரண்டாம் பதிப்பில், அந்த நோயின் ஒரு வகைக்குப் பகைமையும் மூர்க்கமும் அடையாளங்கள் என்றது. 1974இல் ஒரு மனநல மருத்துவ இதழில் ஹால்டால் மருந்துக்கு விளம்பரம் வந்தது. படத்தில், நகரத் தெருவில் முஷ்டியை உயர்த்திக் கோபத்தோடு நிற்கும் கறுப்பின ஆண். அவனை அமைதிப்படுத்த இந்த மருந்து. அதற்கு இரண்டு ஆண்டு முன்னால்தான் மும்பையில் சில இளைஞர்கள், அமெரிக்கக் கறுப்புச் சிறுத்தைகளின் பெயரை எடுத்துத் தலித் சிறுத்தைகள் இயக்கத்தைத் தொடங்கியிருந்தார்கள். உலகின் இன்னொரு மூலையில் ஒடுக்கப்பட்டவர்களை நிமிரவைத்த அதே முஷ்டி, மருந்துக் கம்பெனிக்கு நோய்க்குறியாகத் தெரிந்திருக்கிறது. அந்த மனநல மருத்துவர் சங்கம் தன் துறையின் இனவாதத்துக்கு மன்னிப்புக் கேட்டது 2021 ஜனவரியில்.

இந்த வரலாற்றுக்குப் பிறகும் ஒருவர் டாக்டரிடம் போகத் தயங்கினால், அதை அறியாமை என்று சொல்ல யாருக்கும் வாய் வரக்கூடாது.

தயங்கியவர்கள் தங்கள் உடம்பை விலையாகக் கொடுத்தார்கள். ஷெர்மன் ஜேம்ஸ் என்ற கறுப்பினத் தொற்றுநோயியலாளர் 1970களின் இறுதியில் வட கரோலினாவில் ஜான் ஹென்றி மார்ட்டின் என்ற ஓய்வுபெற்ற விவசாயியைச் சந்தித்தார். இரண்டாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனவர். குத்தகைக் கூலியாக இருந்து, இரவு பகலாக உழைத்து, நாற்பது வயதில் 75 ஏக்கருக்குச் சொந்தக்காரர் ஆனவர். ஐம்பதுகளில் அவருக்கு உயர் ரத்த அழுத்தம், மூட்டுவாதம். குடற்புண் முற்றி இரைப்பையில் 40 சதவீதத்தை வெட்டியெடுக்க வேண்டியிருந்தது. நீராவி எந்திரத்தோடு போட்டியிட்டுப் பாறை துளைத்து ஜெயித்து, சுத்தியலைக் கையில் பிடித்தபடியே செத்து விழுந்த ஜான் ஹென்றியின் கதை அங்கே நாட்டுப்பாடல்களில் உண்டு. விவசாயிக்கும் அதே பெயர் என்பதால் ஜேம்ஸ் தன் கருதுகோளுக்கு ‘ஜான் ஹென்றியிசம்’ என்று பெயர் வைத்தார். வழியெல்லாம் தடை இருக்க, பல்லைக் கடித்துக்கொண்டு விடாமல் முட்டிமோதுகிறவனின் உடல் அதற்குள்ளேயே தேய்கிறது என்பது அவருடைய வாதம்.

பல்லைக் கடித்துக்கொள்ளாத ஆண்களும் இருந்தார்கள். டஸ்கேகீ கல்லூரியில் 1930களில், அதாவது அந்தக் கொடிய ஆய்வு அதே ஊரில் நடந்துகொண்டிருந்தபோது, பின்னாளில் எழுத்தாளர்களான ரால்ஃப் எல்லிசனும் ஆல்பர்ட் மர்ரேயும் மாணவர்கள். எல்லிசன் மூத்தவர். மர்ரே நூலகத்தில் எடுத்த புத்தகங்களில், முன்பே எடுத்துப் படித்தவர் என்று எல்லிசனின் பெயர் இருக்கும். நியூயார்க்கில் 1940களில் நட்பு இறுகியது. 1950களில் இருவரும் எழுதிக்கொண்ட கடிதங்கள் 2000இல் ‘டிரேடிங் ட்வெல்வ்ஸ்’ என்று நூலாக வந்தன. அவற்றில் எழுதிமுடிக்காத நாவலின் தவிப்பு உண்டு, ஜாஸ் உண்டு. கூடவே கேமரா, ஒலிக்கருவி, கார் என்று பக்கம் பக்கமாகப் பேச்சு. ஆண்களின் நெருக்கம் பெரும்பாலும் இப்படித்தான், ஒரு பொருளைச் சுற்றி வந்து மனதைத் தொடுகிறது. அதைக் குறைபாடு என்று சொல்வதில் நியாயமில்லை. லஃபார்க் மருத்துவமனையைப் பற்றி 1948இல் ‘ஹார்லெம் இஸ் நோவேர்’ என்ற கட்டுரையை எழுதியவரும் இதே எல்லிசன்தான். வேரறுந்து நகரத்துக்கு வந்தவர்களின் மனநிலையை உள்ளிருந்து அறிந்தவர்.

ஆனால் இப்படிப்பட்ட நட்பு ஆயுள் முழுக்கத் தங்குவதில்லை. நியூயார்க் பல்கலைக்கழக உளவியலாளர் நயோபி வே, கறுப்பின, லத்தீன், ஆசியப் பையன்கள் உட்படப் பலரோடு ஆண்டுக்கணக்கில் பேசி 2011இல் ‘டீப் சீக்ரெட்ஸ்’ நூலை வெளியிட்டார். பதிமூன்று, பதினான்கு வயதில் அவர்கள் தம் நண்பர்களைப் பற்றிக் கூச்சமில்லாமல், பாசத்தோடு பேசுகிறார்கள். ரகசியங்களைச் சொல்ல ஆளில்லாவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும் என்கிறார்கள். பதினேழு, பதினெட்டில் அந்தப் பேச்சு வற்றிவிடுகிறது. சின்னப்பிள்ளைத்தனம், பெண்தன்மை, ஓரினக் காதல் என்று யாராவது நினைத்துவிடுவார்களோ என்ற பயம். வொர்த்தும் பால்ட்வினும் பாதியில் விட்ட பேச்சு இதே பயத்தின் மேல்தான் தடுக்கி நின்றிருக்க வேண்டும்.

நல்ல உறவுகளே நீண்ட ஆயுளுக்கு வழி என்று சொல்ல எல்லோரும் காட்டும் ஹார்வர்ட் ஆய்வு 1938இல் தொடங்கியது. அதில் சேர்க்கப்பட்ட 724 ஆண்களும் வெள்ளையர்கள்.

அந்தக் கணக்கில் வராதவர்களின் வீட்டில் நிலைமை மோசமாகிவருகிறது. 2001 முதல் 2015 வரையிலான தகவல்களை ஆராய்ந்து 2018இல் வந்த ஓர் ஆய்வு, 5 முதல் 12 வயதுக்குட்பட்ட கறுப்பினக் குழந்தைகளின் தற்கொலை விகிதம் அதே வயது வெள்ளையினக் குழந்தைகளைப் போல ஏறத்தாழ இருமடங்கு என்றது. அடுத்த ஆண்டு டிசம்பரில், நாடாளுமன்றத்தின் கறுப்பின உறுப்பினர்கள் அமைத்த குழு ‘ரிங் தி அலாரம்’ என்ற அறிக்கையை வெளியிட்டது. கறுப்பினப் பெரியவர்களில், பெண்களைவிட ஆண்களின் தற்கொலை விகிதம் நான்கு மடங்கு அளவுக்கு அதிகம். இத்தனைக்கும் நடுவே, 2015 கணக்குப்படி அமெரிக்க உளவியலாளர்களில் கறுப்பினத்தவர் சுமார் 4 சதவீதம்தான்.

கடந்த பத்தாண்டில் ஒன்று மாறியிருக்கிறது. 2016 அக்டோபரில் ராப் பாடகர் கிட் கடி, மனச்சோர்வுக்கும் தற்கொலை எண்ணத்துக்கும் சிகிச்சை பெறச் சேர்ந்திருப்பதாக ஃபேஸ்புக்கில் எழுதினார். நாள் திரும்புவதற்குள், ‘யூ குட், மேன்?’ என்ற விசாரிப்பை ஹேஷ்டேக் ஆக்கிக் கறுப்பின ஆண்கள் ஒருவருக்கொருவர் பேசத் தொடங்கிவிட்டார்கள். 2018 பிப்ரவரியில், காம்ப்டனில் வளர்ந்த கூடைப்பந்து வீரர் டிமார் டிரோசன் தன் மனச்சோர்வைப் பற்றி நள்ளிரவில் ட்விட்டரில் ஒரே ஒரு வரி எழுதினார். அடுத்த மாதம், எதிரணியில் ஆடிய கெவின் லவ், ஆட்டத்தின் நடுவே தன்னைத் தாக்கிய பதற்றத்தைப் பற்றி விரிவாக எழுதினார். டிரோசனின் வரி தந்த தெம்பையும் குறிப்பிட்டார்.

பிரபலங்கள் பேசுவது நல்லது. ஆனால் லிட்டில் ராக்கில் நடந்தது அதைவிட முக்கியம். ஆர்கன்ஸா மாநிலத்தின் அந்த ஊரில் 2016இல் லொரென்சோ லூயிஸ் ‘தி கன்ஃபெஸ் ப்ராஜெக்ட்’ என்ற அமைப்பைத் தொடங்கினார். சிறையில் இருந்த தாய்க்குப் பிறந்து, இளமையில் தானும் சிறைவாசலை மிதித்து, மனச்சோர்வோடு போராடியவர். கறுப்பின முடிதிருத்துநர்களுக்குக் காதுகொடுத்துக் கேட்கவும், கேட்டதைத் தள்ளிவிடாமல் ஏற்கவும், தேவையானால் மருத்துவரிடம் அனுப்பவும் இந்த அமைப்பு பயிற்சி தருகிறது. சலூனைத் தேர்ந்தெடுத்ததில் கூர்மை இருக்கிறது. கறுப்பினத்தவர் சொந்தமாக நடத்த முடிந்த முதல் தொழில்களில் அது ஒன்று. வெள்ளையர் காதில் விழாமல் அரசியல் பேசிய இடம். கழுத்தில் துணியைக் கட்டி உட்கார்ந்தால் அரைமணி, முக்கால்மணி எழுந்திருக்க முடியாது. இன்னொரு ஆணின் கை தலைமேல் இருக்கும், அதற்கு யாரும் காரணம் கேட்க மாட்டார்கள். முகத்துக்கு முகம் பார்க்க வேண்டியதில்லை, கண்ணாடியைப் பார்த்தபடியே பேசலாம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வருகிறவர் ஒரு மாதமாக வரவில்லை என்றால் முதலில் கவனிக்கிறவரும் முடிதிருத்துநர்தான்.

இதைப் பார்த்துவிட்டு, நண்பர்களும் சலூன்களும் போதும், மருத்துவமனைக்கு எதற்குச் செலவு என்று நினைக்கும் அதிகாரிகள் இருப்பார்கள். அவர்கள் லாஸ் ஏஞ்சலிஸ் ஆய்வைப் படிக்க வேண்டும். ரொனால்ட் விக்டர் என்ற இதயநோய் மருத்துவரின் குழு, 52 சலூன்களில் உயர் ரத்த அழுத்தம் உள்ள 319 கறுப்பின ஆண்களைச் சேர்த்து நடத்திய ஆய்வு 2018இல் வெளியானது. ஒரு பிரிவில், டாக்டரைப் பாருங்கள், சாப்பாட்டைக் கவனியுங்கள் என்று முடிதிருத்துநர் எடுத்துச்சொன்னதோடு சரி. ஆறு மாதத்தில் மேல் அழுத்தம் சராசரியாக 9.3 புள்ளி குறைந்தது. இன்னொரு பிரிவில் மருந்தாளுநரே சலூனுக்கு வந்து மருந்து எழுதினார். அங்கே 27 புள்ளி குறைந்தது.

அது ரத்த அழுத்தம் பற்றிய ஆய்வு. மனச்சோர்வை மாத்திரையாலும் எண்ணாலும் அப்படி அளந்துவிட முடியாது. ஆனாலும் 9க்கும் 27க்கும் நடுவே உள்ள தூரம் கொள்கை வகுப்பவர்களின் மேசைமேல் இருக்க வேண்டிய செய்தி. நண்பன் சொன்னால் கேட்பார்கள். கேட்டவர்களுக்கு அங்கேயே, அதே நாற்காலிக்குப் பக்கத்திலேயே, பயிற்சி பெற்ற ஒருவர் இருக்க வேண்டும். அந்த மருந்தாளுநர்களுக்கு ஆய்வு நிதியிலிருந்து சம்பளம் கிடைத்தது. மனநல ஆலோசகர் சலூனுக்கும் தேவாலயத்துக்கும் உடற்பயிற்சிக் கூடத்துக்கும் வந்து உட்கார வேண்டுமென்றால், அவருக்கும் ஏழைகளுக்கான மெடிக்கெய்ட் காப்பீட்டிலிருந்து சம்பளம் போக வேண்டும். தலைக்கு இவ்வளவு என்று பிழைக்கும் முடிதிருத்துநர், உடைந்துபோய் வந்த ஒருவருக்காகக் கத்தரியைக் கீழே வைக்கும் நேரத்துக்கும் கூலி தர வேண்டும்.