கண்ணும் கருத்தும் எழுத்தும்

தேர்வு நெருங்கும் நாளில் வேதியியல் நூலைக் கையில் எடுக்கும் மாணவர் பலர், அதனை உருப்போடுதற்குரிய நூலாகவே கருதுகின்றனர். குறியீடுகளை நாவில் ஏற்றுவர்; சமன்பாடுகளைத் திரும்பத் திரும்ப எழுதுவர். ஆயினும், வினா சிறிது உருமாறி வருமாயின் திகைத்து நிற்பர். இதற்கு அறிவின் குறைவோ உழைப்பின் குறைவோ காரணம் அன்று. பொருளை அதன் வெவ்வேறு அளவுகளில் வைத்து நோக்கும் பயிற்சி இன்மையே காரணமாகும்.

வேதியியல் ஒரே பொருளை மூன்று நிலைகளில் நின்று பேசுகின்றது. கண் காணும் நீர் ஒரு நிலை. கண்ணுக்கு எட்டாது கருத்துக்கே எட்டும் நீர் மூலக்கூறு மற்றொரு நிலை. அந்நீரைத் தாளில் குறிக்கும் எழுத்தும் எண்ணும் மூன்றாம் நிலை. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான்ஸ்டன், 1991-ஆம் ஆண்டில் இம்மூன்றையும் ஒரு முக்கோணத்தின் மூன்று முனைகளாக அமைத்துக் காட்டினார். கற்றுத் தேர்ந்தவர் இம்முனைகளுக்கிடையே எளிதில் சென்று மீள்வர். புதிதாகக் கற்பவரோ மூன்றும் ஒருங்கே வந்து தாக்கும்போது தடுமாறுவர். இஃது அவர் கண்ட உண்மை.

இத்தடுமாற்றம் எவ்வாறு விளைகின்றது? செம்பு செந்நிறம் உடையது, அடித்தால் தகடாகும், இழுத்தால் கம்பியாகும். ஆதலின் செம்பின் ஒவ்வோர் அணுவும் செந்நிறம் உடையது என்று மாணவர் சிலர் எண்ணிவிடுகின்றனர். அஃது உண்மையன்று. நிறமும் நெகிழ்வும் எண்ணிறந்த அணுக்கள் ஒருங்கு கூடியிருத்தலால் தோன்றும் பண்புகள். ஒற்றை மரத்தைத் தோப்பு என்பார் உளரோ? அவ்வாறே, இரும்பைக் காய்ச்சினால் அது நீள்கின்றது. ஆனால் இரும்பின் அணு பருப்பதில்லை. அணுக்களின் அதிர்வு மிகுதலால் அவற்றின் இடைவெளியே மிகுகின்றது. பனிக்கட்டி உருகும்போது மூலக்கூறு உருகுவதில்லை. மூலக்கூறுகள் நின்ற ஒழுங்கே குலைகின்றது.

அணுவின் உலகம் எத்துணைச் சிறியது என்பதை ஒரு நீர்த்துளியைக் கொண்டு உணரலாம். ஒரு மில்லிலிட்டரில் இருபதில் ஒரு பங்காகிய துளியில் ஏறத்தாழ 1.67 × 10²¹ மூலக்கூறுகள் அடங்கியுள்ளன. உலக மக்கள் 800 கோடிப் பேரும் உண்ணாமலும் உறங்காமலும், நொடிக்கு ஒன்றாகப் பங்கிட்டு எண்ணினாலும், அவ்வொரு துளியை எண்ணி முடிக்க 6,000 ஆண்டுகளுக்கு மேலாகும்.

இவ்வளவு சிறியதையும் நாம் நிறுத்து அளக்கும் பொருளையும் இணைக்கும் பாலமே மோல் என்னும் அலகு. வெற்றிலை விற்பவர் இலைகளைக் கவுளியாகக் கட்டுவர். கவுளி என்பது எடையன்று, எண்ணிக்கை. சிற்றிலைக் கவுளிக்கும் பேரிலைக் கவுளிக்கும் இலைத்தொகை ஒன்றே, எடைதான் வேறு. மோலும் அத்தகையதே. ஒரு மோல் கரி 12 கிராம். ஒரு மோல் இரும்பு ஏறத்தாழ 56 கிராம். இரண்டிலும் உள்ள அணுக்களின் தொகை ஒன்றே. அத்தொகையே அவகாட்ரோ எண்.

அவ்வெண் ஒரு நாளில் கிடைத்ததன்று. ஒரே வெப்பமும் ஒரே அழுத்தமும் உடைய வாயுக்கள், சம பருமனில் சம எண்ணிக்கையான மூலக்கூறுகளைக் கொண்டிருக்கும் என்று இத்தாலிய அறிஞர் அவகாட்ரோ 1811-இல் உரைத்தார். ஆனால் அவ்வெண்ணிக்கை யாது என்பதை அவர் அறிந்திலர். பிரெஞ்சு அறிஞர் பெரின், நீர்மத்தில் மிதக்கும் நுண்துகள்களை நுண்ணோக்கியால் ஆய்ந்து அதனைக் கணித்தார். 1909-இல் அதற்கு அவகாட்ரோவின் பெயரையே சூட்டினார். 1926-இல் அவருக்கு நோபல் பரிசு கிட்டியது. 2019-ஆம் ஆண்டு முதல் மோல் என்பது சரியாக 6.02214076 × 10²³ என வரையறுக்கப்பட்டுள்ளது.

‘தேர்வுக்குச் சில நாட்களே உள்ளன, உணர்ந்து படிக்கப் பொழுது ஏது? மனப்பாடமே போதும்’ என்பார் உண்டு. குறியீடுகளையும் இணைதிறன்களையும் மனத்தில் பதித்தல் வேண்டும் என்பதை மறுப்பார் இலர். எனினும், 9 கிராம் நீரில் உள்ள மூலக்கூறுகள் எத்தனை என்று ஒரு வினா வருவதாகக் கொள்க. ஒருவர், பெருக்க வேண்டிய இடத்தில் மறதியால் வகுத்துவிடுகின்றார். விடை ஒன்றினும் மிகச் சிறிய பின்னமாக வருகின்றது. உருப்போட்டவர் அதனை அப்படியே எழுதி அமைவர். அளவை உணர்ந்தவரோ, ‘ஒரு மடக்கு நீரில் ஒரு மூலக்கூறுகூட இல்லாது போகுமா?’ என்று ஐயுறுவர். மீண்டும் நோக்கி, 3.011 × 10²³ என்று திருத்துவர். தேர்வுக் கூடத்தில் துணை நிற்பது இவ்வுணர்வே அன்றோ?

ஆதலின், மாணவர் நூலின் ஒவ்வொரு தொடரையும் படிக்கும்போது, ‘இது கண் காண்பதைப் பேசுகின்றதா, அணுவைப் பேசுகின்றதா, எழுத்தைப் பேசுகின்றதா?’ என்று வினவிக்கொள்ளுதல் நன்று. ஹைட்ரஜன் மூலக்கூறு இரண்டும் ஆக்சிஜன் மூலக்கூறு ஒன்றும் கூடி நீர் மூலக்கூறு இரண்டாகும் என்னும் சமன்பாடே, 4 கிராம் ஹைட்ரஜனும் 32 கிராம் ஆக்சிஜனும் கூடி 36 கிராம் நீராகும் என்றும் பேசுகின்றது. எழுத்து ஒன்று, அது காட்டும் உலகங்கள் இரண்டு. கற்பிப்போரும் ஓர் உலகிலிருந்து மற்றோர் உலகிற்குச் செல்லும்போது அதனைச் சொல்லிச் செல்லுதல் கடன். அவ்வாறு கற்றவருக்கு வேதியியல் அச்சந்தரும் பாடமாக இராது. ஒரு துளி நீரும் அவருக்கு வியத்தற்குரியதாகத் தோன்றும். தேர்வில் பெறும் மதிப்பெண் அவ்வாண்டோடு முடியும். இப்பார்வையோ வாழ்நாள் முழுதும் உடன்வரும்.