அடிமாட்டு விலைக்குக் கேட்டால்...



உங்கள் வீட்டு அலமாரியின் மேலே ஓர் ஆர்மோனியப் பெட்டி இருக்கின்றதா? தாத்தா வாசித்த மிருதங்கமோ, அண்ணன் ஆசையாக வாங்கிப் பிறகு தொடாமல் விட்ட கீபோர்டோ துணி போர்த்திக் கிடக்கின்றதா? தோட்டத்து லயத்தில் இருந்தவரை அவற்றுக்கு வேலை இருந்தது. வெள்ளிக்கிழமை பஜனைக்கும், மாரியம்மன் திருவிழாவுக்கும், இளைஞர்கள் போட்ட நாடகத்துக்கும் அவை வெளியே வந்தன. பிறகு பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறின. நம்மவர் பலர் பட்டணத்து அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்தார்கள். அங்கே பிள்ளைகள் படுக்கவே இடம் போதவில்லை. பெட்டிக்கு எங்கே இடம்?

"முகநூலில் போடுவோம், விற்றுவிடும்" என்கின்றான் பிள்ளை. போடுகின்றோம். அரை மணி நேரத்தில் கைப்பேசி மணி அடிக்கின்றது. "போலே கூராங்?" என்று ஒருவர். "கடைசி விலை என்ன?" என்று இன்னொருவர். மூன்றாமவர் எதையும் கேட்பதில்லை. நாம் சொன்ன விலையில் கால் பங்கை எழுதி, "இன்றே வந்து எடுத்துக் கொள்கிறேன்" என்கின்றார். நம் ஊர்ப் பேச்சில் இதற்கு அடிமாட்டு விலை என்று பெயர்.

பேராக்கில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் நடந்ததைச் சொல்கின்றேன். தகப்பனார் பால்வெட்டுத் தொழிலாளி. முப்பது ஆண்டுகள் தோட்டத்துப் பஜனைக் குழுவில் ஆர்மோனியம் வாசித்தவர். அவர் காலமான பிறகு மகளுக்குப் போலிடெக்னிக்கில் இடம் கிடைத்தது. விடுதிக்கும் புத்தகத்துக்கும் பணம் வேண்டும். தாயும் மகனும் மனத்தைக் கல்லாக்கிக் கொண்டு பெட்டியை விற்பதென்று முடிவு செய்தார்கள். "900 வெள்ளி. அவசரமாகப் பணம் தேவை" என்று எழுதி, ஒரே ஒரு படத்துடன் மகன் போட்டான்.

முதலில் வந்தவர் கேட்ட விலை 200 வெள்ளி. "பழைய மரப்பெட்டிதானே, இதற்குமேல் யார் தருவார்?" என்றார். கொஞ்ச நேரத்தில் இன்னொருவர் 180 என்றார். உடனே முதலாமவர், "சரி, பாவம், 250 தருகிறேன்" என்றார். இரண்டு பேரும் கூட்டாளிகளோ என்று மகனுக்குப் பிறகுதான் சந்தேகம் வந்தது. 180-ஐக் கேட்ட காதுக்கு 250 பெரிய தொகையாகத் தோன்றியதல்லவா! கட்டணம் கட்டும் நாள் நெருங்கியது. கொடுத்துவிடலாம் என்றுகூட நினைத்தார்கள். தாய் அன்றிரவு தூங்கவில்லை.

"அக்கா, அவங்க பெட்டிக்கு விலை கேட்கல. எங்க அவசரத்துக்கு விலை கேட்டாங்க" என்று அந்த அம்மா பிறகு என்னிடம் சொன்னார். இந்தக் கட்டுரை முழுவதற்கும் அந்த ஒரு வாக்கியமே போதும். இருந்தாலும், அவர்கள் அடுத்து என்ன செய்தார்கள் என்பதை நீங்களும் தெரிந்து கொள்ள வேண்டும்.

முதலில் விளம்பரத்தை எடுத்துவிட்டார்கள். கட்டணத்துக்குத் தாய் தம் சீட்டுப் பணத்தை முன்கூட்டியே எடுத்துக் கொண்டார். சீட்டில் கொஞ்சம் தள்ளுபடி போனது உண்மைதான். ஆனால் அவசரம் தீர்ந்தது. அவசரம் தீர்ந்தவுடன் எதிராளியின் பிடியும் தளர்ந்துவிட்டது. அன்பர்களே, எதை விற்றாலும், "அவசரம்", "பணக்கஷ்டம்" என்ற சொற்களை விளம்பரத்தில் எழுதாதீர்கள். அவற்றைப் பார்த்து இரக்கப்படுபவர் ஒருவர் என்றால், கணக்குப் போடுபவர் பத்துப் பேர்.

அடுத்து, பெட்டியின் உண்மையான மதிப்பைத் தெரிந்து கொண்டார்கள். கிள்ளானிலோ ஈப்போவிலோ பிரிக்பீல்ட்ஸிலோ உள்ள இசைக்கருவிக் கடைக்குப் போன் செய்து, அதே வகைப் புதுப் பெட்டி என்ன விலை என்று கேட்கலாம். 39 கட்டையா, 42 கட்டையா, ஒற்றை ரீடா, இரட்டை ரீடா என்பதைப் பொறுத்து விலை மாறும். பிறகு பெட்டியை நீங்களே சோதித்துப் பாருங்கள். ஸ்டாப்பர்களை மூடிவிட்டுத் துருத்தியை அழுத்தினால் காற்று சட்டென்று வெளியேறக் கூடாது. ஒவ்வொரு கட்டையும் அழுத்தினால் ஒலிக்க வேண்டும், விட்டால் நிற்க வேண்டும். மிருதங்கம் என்றால் தோல் தேயும் பொருள், மதிப்பு பெரும்பாலும் பலாமரக் கட்டையில் இருக்கின்றது. கட்டையில் வெடிப்பு இல்லாவிட்டால், மூட்டு மாற்ற என்ன செலவாகும் என்று விசாரித்து அதை மட்டும் கழித்துக் கொள்ளுங்கள். தோல் கிழிந்ததைக் காட்டி மிருதங்கத்தையே இனாமாகக் கேட்பவருக்கு அதுதான் பதில்.

மற்றவர்கள் இணையத்தில் போட்டிருக்கும் விலைகளையும் பார்க்கலாம். ஆனால் அவை கேட்கும் விலைகள், விற்ற விலைகள் அல்ல. ஆறு மாதமாக விற்காமல் கிடக்கும் பெட்டியின் விலையைப் பார்த்து நாமும் ஆசைப்படக் கூடாது.

பிறகு ஒரு தாளில் மூன்று எண்களை எழுதி வைத்தார்கள். கேட்கும் விலை 850. கிடைத்தால் மகிழ்ச்சி என்ற விலை 700. இதற்குக் கீழே போவதில்லை என்ற விலை 600. அந்த மூன்றாவது எண்ணைக் குடும்பத்தார் எல்லோரும் கூடி, மனம் அமைதியாக இருக்கும்போது முடிவு செய்ய வேண்டும். வாங்க வந்தவர் வாசலில் நிற்கும்போது முடிவு செய்தால், அது அவர் முடிவு செய்த விலையாகிவிடும்.

ஒழுகிய துருத்தித் துணியை 60 வெள்ளி செலவில் மாற்றினார்கள். பகல் வெளிச்சத்தில் எல்லாப் பக்கமும் படம் எடுத்தார்கள். ஓரத்தில் இருந்த கீறலையும் மறைக்காமல் காட்டினார்கள். பஜனைக் குழு நண்பர் ஒருவர் கட்டைகளை வரிசையாக வாசிக்க, அதைச் சிறு காணொளியாகச் சேர்த்தார்கள். தமிழிலும் மலாயிலும் விவரம் எழுதினார்கள். குறையை நாமே முதலில் சொல்லிவிட்டால், வாசலில் வந்து அதையே கண்டுபிடித்தவர்போல் விலையைக் குறைக்க முடியாது.

அப்படியும் அடிமாட்டு விலை வரத்தான் செய்யும். வந்தால் என்ன செய்வது?

கோபப்படாதீர்கள். "பிச்சை எடுக்கிறாயா?" என்று அந்த மகன் முதல் முறை எழுதிவிட்டான். அதனால் ஒரு வெள்ளியும் கூடவில்லை. "நன்றி. 700 வெள்ளிக்கு விற்பதாக எண்ணம். நேரில் வந்து வாசித்துப் பாருங்கள்" என்று ஒரே ஒரு முறை பதில் சொன்னால் போதும். மறுபடியும் 200 என்று எழுதினால் பதில் எழுத வேண்டியதில்லை. மௌனத்துக்குச் செலவில்லை.

"நடுவில் முடித்துக் கொள்வோம்" என்ற பேச்சில் கவனமாக இருங்கள். நீங்கள் 850 கேட்டு, அவர் 250 சொன்னால், நடு விலை 550. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் அந்த நடுவை எங்கே வைப்பதென்று தீர்மானித்தது அவர் சொன்ன 250. உங்கள் தாளில் உள்ள எண்ணைப் பாருங்கள், அவர் எண்ணைப் பார்க்காதீர்கள்.

பேசி முடித்துவிட்டு, வாசலுக்கு வந்த பிறகு "சுருதி இறங்கியிருக்கிறதே, நூறு குறையுங்கள்" என்பவரும் உண்டு. உண்மையிலேயே புதுக் குறை தெரிந்தால் அதைச் சரி செய்யும் செலவை மட்டும் குறைக்கலாம். இல்லாவிட்டால், "தூரத்திலிருந்து வந்தீர்கள், ஒரு டீ குடித்துவிட்டுப் போங்கள்" என்று சொல்லிவிடலாம்.

குறைத்துக் கேட்பவரைவிட, பேரமே பேசாதவரிடம் இன்னும் கவனம் வேண்டும். பொருளைப் பார்க்காமலே முழு விலைக்குச் சம்மதித்து, பணம் அனுப்பிய ரசீது என்று ஒரு படத்தைக் காட்டுவார்கள். படத்தை நம்பாதீர்கள். உங்கள் வங்கிக் கணக்கில் பணம் ஏறியதை நீங்களே பார்த்த பிறகு பொருளைக் கொடுங்கள். "தவறிக் கூடுதலாக அனுப்பிவிட்டேன், மீதியைத் திருப்பி அனுப்புங்கள்" என்றாலும் அப்படியே. வங்கி அனுப்பும் இரகசிய எண்ணை யாருக்கும் சொல்லாதீர்கள், அனுப்பும் இணைப்பை அழுத்தாதீர்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல், மோசடிகளுக்கென 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட தேசிய மையத்தின் 997 என்ற எண்ணை உடனே அழையுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். குறைந்த விலை கேட்பவர் எல்லோரும் ஏமாற்றுக்காரர் அல்லர். ஒரு மாதம் கடந்தும் யாருமே உங்கள் விலைக்கு அருகில் வரவில்லை என்றால், நம் விலைதான் அதிகமோ என்று யோசிக்க வேண்டும். நம் நினைவுகளுக்கு வாங்குபவர் விலை கொடுக்க முடியாது. அதுபோல, கோயில் பணத்திலோ குழுப் பணத்திலோ வாங்கிய கருவி நம் வீட்டில் இருப்பதனால் நம்முடையது ஆகிவிடாது. குழுவினரைக் கேட்காமல் அதை விற்கக் கூடாது.

அந்தப் பெட்டி என்னவாயிற்று? மூன்று வாரம் கழித்து இரண்டு பேர் வந்தார்கள். பழைய பொருள் வியாபாரி ஒருவர் 650 தருவதாகச் சொன்னார். பக்கத்து ஊர்க் கோயிலில் பிள்ளைகளுக்குத் தேவாரம் சொல்லிக் கொடுக்கும் ஆசிரியர் ஒருவர், "என்னிடம் 600தான் இருக்கிறது அம்மா" என்றார். பிறகு பெட்டியைத் திறந்து உட்கார்ந்து கொஞ்ச நேரம் வாசித்தார். அந்த அம்மா மகனைப் பார்த்தார். மகன் தலையசைத்தான். பெட்டி ஆசிரியருக்குப் போயிற்று.

இங்கே 50 வெள்ளி குறைந்தது. ஆனால் அதைக் குறைத்தவர்கள் அவர்களே, தெரிந்தும் விரும்பியும் குறைத்தார்கள். சீட்டு எடுத்ததில் விழுந்த பள்ளத்தை அந்த 600 நிரப்பியது. அவசரத்தில் 250-க்குக் கொடுத்திருந்தால், அந்த வீட்டில் ஆண்டுக்கணக்கில் அதைப் பற்றிய பேச்சே இருந்திருக்கும். இப்போது மகள் விடுமுறைக்கு வரும்போது அந்தக் கோயிலுக்குப் போய் அப்பாவின் ஆர்மோனியத்தைக் கேட்டுவிட்டு வருகின்றாளாம்.

நாமாக மனமுவந்து குறைப்பது வேறு, நம் இல்லாமையைக் காட்டிப் பிறர் குறைப்பது வேறு. பெட்டியைத் துடைத்து வெளியே எடுக்கும் முன், ஒரு தாளையும் பென்சிலையும் எடுத்து அந்த மூன்று எண்களை எழுதுங்கள்.

அடுத்த இதழில் சந்திப்போம்.