கடினம் மட்டும் போதுமா?

போரான் கார்பைடு நம் அட்டவணைகளில் ஒரு ஹீரோ! கடினத்தில் வைரத்துக்கும் கன போரான் நைட்ரைடுக்கும் அடுத்த வரிசை. அடர்த்தியோ அலுமினியத்தைவிடக் குறைவு. அதனால்தான் குண்டு துளைக்காத கவசங்களில் வைத்தார்கள்.

ஆனால் வேகமான தோட்டா மோதி, அழுத்தம் சுமார் 20 கிகாபாஸ்கலைத் (வளிமண்டல அழுத்தத்தைப் போல 2 லட்சம் மடங்கு) தாண்டினால் அதன் வலிமை சட்டென்று சரிகிறது. ஏன்? நொறுங்கிய துகள்களை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்து 2003-ல் சென், மெக்காலே, ஹெம்கர் மூவரும் காரணம் சொன்னார்கள்: படிகத்துக்குள் 2-3 நானோமீட்டர் அகலப் பட்டைகளில் அணுக்கள் ஒழுங்கிழந்து கண்ணாடி போலாகிவிட்டன.

சாதாரண அழுத்தத்தில் அளந்த கடினம் இதைக் காட்டிக்கொடுக்காது. "உயர் அழுத்த ஆய்வால் என்ன லாபம்?" என்பவர்களுக்கு என் பதில் இதுதான்: ஒரு பொருள் எந்த அழுத்தத்தில் உழைக்கப் போகிறதோ, அந்த அழுத்தத்தில்தான் அதற்குப் பரீட்சை வைக்க வேண்டும். கவசத்துக்குள் இருப்பது ஒரு உயிர், இல்லையா?