பாத்திரம் ஏந்தி வந்தவர் வாசலில் நிற்கையில்

தேனி மாவட்டத்துக் கூடலூருக்கு மேலே, தமிழகமும் கேரளமும் சந்திக்கும் மலைமுகட்டில் மங்கலதேவி கண்ணகி கோட்டம் இருக்கிறது. ஆண்டுக்கு ஒரு நாள், சித்திரை முழுமதியன்று மட்டுமே அன்பர்கள் அங்கே வழிபடச் செல்கின்றனர். பளியன்குடியிலிருந்து காட்டுவழியே நடந்து ஏறுவோர் உண்டு; குமுளியிலிருந்து ஜீப்பில் செல்வோரும் உண்டு. முழங்கால் வலி உள்ள நம் போன்றோர்க்கு இரண்டாவது வழியே உகந்தது.

அந்தத் தாயைச் சினத்தின் வடிவாகவே எண்ணிப் பழகிவிட்டோம். மதுரையை எரித்தவள் என்பதுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. ஆயின் அதற்குச் சற்று முன்பு, பிறந்த ஊரை விட்டு வந்து, அறிமுகமற்ற மக்களிடையே ஒரு புது வீட்டில் அடுப்பு மூட்டிய பெண்ணும் அவளே. பிள்ளைகளின் வேலை காரணமாக முதிய வயதில் ஊர் மாறி, புதுமனையில் குடியேறியிருக்கும் அன்பர்கள் நம்மிடையே பலர். அவர்களுக்காகச் சிலப்பதிகாரத்தின் அந்தப் பகுதியை இவ்வாரம் நினைவுகூர விரும்புகிறேன்.

மதுரைப் புறஞ்சேரியில் இயக்கித் தெய்வத்துக்குப் பால் படைத்துவிட்டுத் திரும்பிக் கொண்டிருந்தாள் ஆயர்குல மூதாட்டி மாதரி. கோயிலுக்குச் சென்று வீடு திரும்பும் பெண்மணி! அவளிடந்தான் கவுந்தியடிகள் கண்ணகியை அடைக்கலமாக ஒப்படைத்தார். தாயாகவும் தோழியாகவும் காவலாகவும் இருந்து காக்கும்படி கேட்டுக்கொண்டார்.

மாதரி என்ன செய்தாள்? ஆயர் குடியிருப்புகளினின்று சற்றே தனித்து, செம்மண் பூசிப் பந்தலிட்ட ஒரு சிறுவீட்டை அவர்களுக்கு அளித்தாள். கண்ணகியை நீராட்டினாள். தன் மகள் ஐயையை ஏவல் செய்ய விட்டாள். வந்தவர்கள் சமண நோன்பினர் என்பதை அறிந்து, பொழுது சாயுமுன் அவர்கள் தாமே சமைத்து உண்ணும்படி நல்ல கலங்களைத் தாமதியாமல் தரச் சொன்னாள். ஆய்ச்சியர் கலங்களோடு பலாக்காய், வெள்ளரி, மாதுளங்காய், மாம்பழம், வாழைப்பழம், சாலி அரிசி, தம் பசுக்கள் தந்த பயன் ஆகியவற்றையும் கொண்டு வந்து கொடுத்தனர்.

பெற்றுக்கொண்டவள் யார்? புகார் நகரத்துப் பெருவணிகன் மாநாய்கனின் மகள். இவை அவளுக்கு எம்மாத்திரம்? ஆயினும் ‘இதெல்லாம் எதற்கு’ என்று அவள் சொன்னதாகக் காப்பியத்தில் ஒரு சொல்லும் இல்லை. வாங்கினாள், உடனே காய்களை நறுக்கத் தொடங்கினாள். விரல்கள் சிவந்தன, முகம் வியர்த்தது, கண்களும் சிவந்தன. ஐயை வைக்கோல் தீ மூட்டித் தர, உணவு சமைந்தது. ஓலைத் தடுக்கில் கணவனை அமர்த்தி, மண்கலத்து நீரால் அவன் அடி கழுவி, வாழைக் குருத்து விரித்துப் பரிமாறினாள்.

இதன்பின் வருவதே என் நெஞ்சைத் தொடும் இடம். கோவலன் உண்பதைக் கண்டு நின்ற ஐயையும் மாதரியும், ஆயர்பாடியில் அசோதை வளர்த்த கண்ணனே இங்கு வந்து உண்கின்றானோ என வியந்து மகிழ்கின்றனர். கொடுத்தவர்களுக்குத் தங்கள் தெய்வத்தின் காட்சியே கிடைத்துவிட்டது. அவள் மறுத்திருந்தாலும், வாங்கி ஒரு மூலையில் வைத்திருந்தாலும், அந்தக் காட்சி அவர்களுக்கு ஏது?

கம்பம், சின்னமனூர், உத்தமபாளையம் பக்கம் புதிதாகக் குடிவந்தவர் வீட்டு வாசலிலும் இப்படித்தான் யாரேனும் வந்து நிற்பார். ஒரு சீப்பு வாழைப்பழம், இரண்டு தேங்காய், கொஞ்சம் பன்னீர்த் திராட்சை. கம்பம் பன்னீர்த் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தோட்டத்துக்காரருக்கு அதில் பெருமை இராதா? கிரகப்பிரவேசத்தில் வரும் மொய்க்கு நோட்டுப் புத்தகம் உண்டு, எழுதிவைத்துத் திருப்பிச் செய்துவிடலாம். சொல்லாமல் வந்து நிற்கும் இந்தக் கிண்ணத்துக்குக் கணக்கு இல்லை. அதனாலேயே நம்மிற் பலர் தடுமாறுகிறோம்.

வாழ்நாளெல்லாம் கொடுத்தே பழகிய கை ஏந்தக் கூசுகிறது. பிறரிடம் ஒன்றும் வாங்காதவர் என்ற பெயரைப் பெரிதாகக் காத்து வந்திருக்கிறோம். ஆகவே ‘வேண்டாம் அம்மா, வீட்டில் இருக்கிறது’ என்கிறோம். அல்லது வாங்கிய கையோடு உள்ளே சென்று நூறு ரூபாய்த் தாளைக் கொண்டு வந்து, அந்த வீட்டுப் பிள்ளையின் கையில் திணிக்கிறோம். பின்னது மறுப்பதினும் கொடிது என்பேன். வந்தவர் விற்க வரவில்லையே.

பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரலாகாது என்பது நம் பாட்டிமார் வழக்கம். நல்ல வழக்கம்; நான்கு நாள் கழித்து ஒரு பிடி சர்க்கரையேனும் இட்டு அனுப்பலாம். அந்த நான்கு நாளும் நாம் அவருக்குக் கடன்பட்டவராக இருக்கட்டும். உறவு அங்கேதான் வேர்விடும். விரதம் இருப்போர், மடி ஆசாரம் காப்போர், சமைத்த பண்டம் வந்தால் என்ன செய்வது என்று கேட்கலாம். இன்முகத்தோடு வாங்கி, பேரப்பிள்ளைகளுக்கு அவர் எதிரிலேயே கொடுங்கள். ‘எனக்கு இன்று ஏகாதசி’ என்று சொல்வதில் குற்றமில்லை. மாதரி போன்றவர் மறுமுறை அரிசியாகவோ காயாகவோ கொண்டு வருவார்.

கண்ணகிக்குப் பாத்திரத்தைத் திருப்பித் தரவும் வாய்ப்பு வரவில்லை. அந்த உணவை உண்டு, சிலம்போடு கடைவீதிக்குச் சென்ற கோவலன் திரும்பவில்லை. அவள் மதுரையின் மேற்கு வாயில் வழியே தனியளாய் வெளியேறி, வையைக் கரையோடு நடந்து மலையேறினாள். அடைக்கலம் காக்க இயலாத துயரில் மாதரி தீப்புகுந்தாள்.

வேங்கை மரநிழலில் அவளைக் கண்ட மலைமக்கள், பின்னர்ப் பேரியாற்றங்கரையில் தங்கியிருந்த சேரன் செங்குட்டுவனைக் காணச் சென்றனர். யானைத் தந்தம், அகில், சந்தனம், தேன், ஏலம், மிளகு எனக் காணிக்கைகளைச் சுமந்து சென்றனர். காணிக்கையோடு தாங்கள் மலையில் கண்ட வியப்பையும் சொன்னார்கள். அரசன் அமர்ந்து கேட்டான். அருகிலிருந்த அரசி வேண்மாள், நம் நாட்டுக்கு வந்த இப்பத்தினியை வழிபடல் வேண்டும் என்றாள். பத்தினிக்குக் கோட்டம் எழுந்தது அதன் பிறகே.