போறவன் போகட்டும்... இடைவெளியை விடாதீங்க!

கள்ளக்குறிச்சி,

சேலம்–உளுந்தூர்பேட்டை சாலையை நாலு வழியாக்கியபோது சின்னசேலம், கள்ளக்குறிச்சி, தியாகதுருகம் புறவழிச் சாலைகளை இரு வழியாகவே போட்டுவிட்டார்கள். அகலப்படுத்தும் வேலை பிறகுதான் வந்தது. வினையே அங்குதான்!

நாலு வழியில் பறந்து வந்த கால் திடீரென்று குறையுமா? எதிரே லாரியைக் கண்டதும் முன்னால் போகிறவர் 'சடக்'கென்று பிரேக் போடுகிறார். ஒட்டி வந்தவர் கதி அதோகதி!

80 கிலோ மீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு 22 மீட்டர் ஓடும். ஆபத்தைக் கண்டு கால் பிரேக்குக்குப் போகவே ஏறக்குறைய ஒரு நொடி போய்விடும். ஆகவே 2 நொடி இடைவெளியாவது வேண்டும். முன் வண்டி மைல்கல்லைத் தாண்டியதும் "ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு" என்று எண்ணுங்கள். அதற்குள் நீங்களும் கல்லைத் தாண்டினால் நெருக்கம் அதிகம். மழையிலும் இரவிலும் இரட்டிப்பாக விடுங்கள். ஆலைக்குக் கரும்பு ஏற்றிப்போகும் டிராக்டர், பின்விளக்கு இல்லாமல் இருட்டில் நிற்கலாம்.

"இடம் விட்டா எவனாச்சும் நுழைஞ்சிடுறானே?" என்பார்கள். நுழையட்டுமே! ஆக்சிலேட்டரில் இருந்து காலை லேசாக எடுங்கள்; இடைவெளி திரும்பக் கிடைக்கும். பின்னால் லைட் அடித்து விரட்டுகிறவனுக்கும் வழிவிடுங்கள். வீம்பு வேண்டாம்.

ஆபத்தாக ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 184–வது பிரிவின்படி முதல் தடவையே 6 மாதம் முதல் ஓராண்டு வரை ஜெயில், அல்லது ரூ.1,000 முதல் ரூ.5,000 வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. ஆனால் சட்டம் பிறகுதான் வரும். முதலில் வருவது எதிர் லாரி!