மழையில் வென்ற அணி

கல்லூரியில் படிக்கும் பிள்ளை கால்பந்து அணியில் சேர்ந்துவிட்டான் என்றால், நம் இல்லங்களில் முதலில் எழுவது “படிப்பு என்னாவது?” என்னும் கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனால் ஓர் அணியோடு சேர்ந்து ஒரு பருவம் முழுவதும் ஆடுகிறவன் அங்கே எதைக் கற்றுக்கொள்கிறான் என்பதையும் நாம் கேட்க வேண்டுமல்லவா? அதற்கு விடை கூறும் வரலாறு ஒன்று கல்கத்தாவில் உண்டு.

கல்கத்தா கால்பந்து லீக் 1898இல் தொடங்கியது. அன்று முதல் 1933 வரை அதன் பட்டம் ஆங்கிலேயப் படையணிகளிடமும் ஆங்கிலேயர் சங்கங்களிடமுமே இருந்து வந்தது. 1911இல் மோகன் பகான் அணி கிழக்கு யார்க்‌ஷயர் படையணியை வென்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தைக் கைப்பற்றி நாட்டையே தலைநிமிர வைத்தது உண்மை. ஆயினும் கேடயப் போட்டி வேறு, லீக் வேறு. கேடயத்தைச் சில ஆட்டங்களில் வென்றுவிடலாம். லீக்கிலோ எல்லா அணிகளோடும் மோதி, புள்ளி புள்ளியாகச் சேர்க்க வேண்டும். ஒருநாள் வீரம் அங்கே செல்லாது.

1891இல் நிறுவப்பெற்ற முகம்மதன் ஸ்போர்ட்டிங் சங்கம் 1934ஆம் ஆண்டு முதல் பிரிவுக்கு உயர்ந்தது. உயர்ந்த அதே ஆண்டில் பட்டத்தையும் வென்றது! லீக் பட்டம் பெற்ற முதல் இந்திய அணி அதுவே. அத்தோடும் நிற்கவில்லை, 1938 வரை ஐந்தாண்டுகள் தொடர்ந்து அப்பட்டத்தை எவருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

இது எவ்வாறு கைகூடியது? உணர்ச்சி மட்டும் போதுமென்று அவர்கள் இருந்துவிடவில்லை. திறமை எங்கிருந்தாலும் தேடினார்கள். பெங்களூர் போன்ற தொலைநகரங்களிலிருந்தும் வீரர்களை அழைத்து வந்தார்கள். அடுத்து, காலணியைப் பற்றிச் சிந்தித்தார்கள். அந்நாளில் இந்திய வீரர்களுள் பெரும்பாலோர் வெறுங்காலுடனேயே ஆடினர். லீக் ஆட்டங்களோ மழைக்காலத்தையும் உட்கொண்டு நடப்பவை. உலர்ந்த தரையில் மின்னலாய்ப் பாய்ந்த கால்கள், ஈரத் தரையில் வழுக்கின. ஆங்கிலேயர்களோ பூட்ஸ் அணிந்து உறுதியாக நின்றார்கள். இதைக் கவனித்த சங்க நிர்வாகிகள், மழை நாட்களில் தம் வீரர்களையும் பூட்ஸ் அணிந்து ஆடப் பழக்கினார்கள்.

குடவாசல் வட்டாரத்து வாசகர்களுக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை. நடவு வயலில் இறங்க வெறுங்கால்தான் வசதி. அதே சேற்றில் பந்தைத் துரத்திக்கொண்டு ஓடிப் பாருங்கள், அப்போது புரியும்!

வெறுங்கால் ஆட்டத்தை இழிவென்று கருதிவிடவும் கூடாது. அவ்வணியைச் சேர்ந்த முகம்மது சலீம் 1936இல் ஸ்காட்லாந்து சென்று, கிளாஸ்கோவின் செல்டிக் அணிக்காகக் காலில் துணிக்கட்டு மட்டும் சுற்றிக்கொண்டு ஆடி, அந்நாட்டு ரசிகர்களை வியப்பில் ஆழ்த்தினார். தரைக்கேற்ற ஆயத்தம் என்பதே இங்கே பாடம்.

அதே 1936இல் சங்கம் லீக்கோடு ஐ.எஃப்.ஏ. கேடயத்தையும் வென்றது. 1940இல் டெல்லியில் ராயல் வார்விக்‌ஷயர் படையணியைத் தோற்கடித்து, டூராண்ட் கோப்பையை வென்ற முதல் இந்திய அணியாயிற்று. பின்னர் பல்லாண்டுகள் தளர்வையும் கண்டது. ஆயினும் 2024இல் ஐ-லீக் பட்டம் வென்று, இந்தியன் சூப்பர் லீக்கில் இடம் பெற்றது.

இப்போது பெற்றோரின் கேள்விக்கு வருவோம். தேர்வுக்கு முந்திய இரவு மட்டும் கண்விழித்துப் படிப்பது கேடயப் போட்டியைப் போன்றது. சில வேளை கைகொடுக்கும். ஆண்டு முழுவதும் நாள்தோறும் படிப்பதோ லீக் ஆட்டம். தோற்ற மறுநாளும் பயிற்சிக்கு வந்து நிற்கப் பழகிய பிள்ளைக்கு அந்தப் படிப்பு முறை புதிதன்று. நேரத்தை வகுத்துக் கொடுத்தால் இரண்டையும் அவன் ஏற்று நடத்துவான், இன்ஷா அல்லாஹ்.

சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் ஊர் திரும்பும் சகோதரர்களுக்கு ஒரு வேண்டுகோள். பெருநாளுக்குப் புத்தாடை எடுக்கும்போது, திடலில் வெறுங்காலுடன் ஆடும் ஏழைப் பிள்ளை ஒருவனையும் நினைவில் கொள்ளுங்கள். அவனுக்கு ஒரு ஜோடி பூட்ஸ் வாங்கிக் கொடுங்கள். அடைமழைக்கு முன்னால் கொடுங்கள்!